பலகையின் அடிவயிறு

இன்றைய அலைச்சறுக்குப் போட்டிப் பலகை ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 28 லிட்டர். எடை மூன்று கிலோ இருக்கலாம். அதன்மேல் 70 கிலோ ஆள் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்க்கிமிடீஸ் கணக்குப்படி, முழுக்க அமிழ்ந்தாலும் அந்தப் பலகை தாங்கக்கூடியது சுமார் 28 கிலோதான். ஆளும் பலகையும் சேர்ந்து 73. மிச்சமுள்ள 45 கிலோவை யார் சுமக்கிறார்கள்?

படுத்துக்கொண்டு கைகளால் துழாவும்வரை இந்தக் கேள்வி எழாது. உடலின் பெரும்பகுதி நீருக்குள் கிடப்பதால் கடலே அதைத் தாங்கிவிடும். எழுந்து நின்றதும் பலகை மூழ்கியாக வேண்டும். மூழ்காததற்குக் காரணம் வேகம். ஓடும் பலகையின் அடிப்பக்கம் எதிர்ப்படும் நீரைக் கீழே தள்ளுகிறது; நீர் பலகையை மேலே தள்ளுகிறது. குளக்கரையில் ஓட்டாஞ்சில்லைத் தட்டையாக வீசி, அது தத்தித் தத்திப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சில்லு மிதப்பதில்லை, சறுக்குகிறது. வேகம் குறைந்த கணத்தில் மூழ்கிவிடுகிறது.

அலைச்சறுக்குப் பலகையைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பது வழக்கம். பலகை எதனால் ஆனது என்பது ஒன்று. அடிப்பக்கம் எப்படி வளைந்திருக்கிறது என்பது இன்னொன்று. நூறாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் இவை இரண்டல்ல என்றே எனக்குப் படுகிறது. எந்தப் பொருள் கைக்கு வந்ததோ, அது இடம்கொடுத்த அளவுக்குத்தான் அடிப்பக்கத்தில் விளையாட முடிந்திருக்கிறது. நம் கடற்கரையில் படகின் முன்பகுதியை அணியம் என்பார்கள், பின்பகுதியை அமரம். பலகைக்கும் அந்தச் சொற்களையே வைத்துக்கொண்டு கதையைத் தொடங்கலாம்.

1779இல் கேப்டன் குக்கின் பயணக் குழுவோடு ஹவாயில் இருந்த லெப்டினன்ட் ஜேம்ஸ் கிங், கெயலகெகுவா விரிகுடாவில் மக்கள் பலகை ஏறி அலையில் வருவதைக் குறித்துவைத்தார். ஹவாயியர்களிடம் அப்போதே முக்கியமாக இரண்டு வகைப் பலகைகள் இருந்தன. குலத்தலைவர்களின் ‘ஓலோ’ 16 அடிக்கும் மேல் நீளும். அதற்கு உகந்த மரம் விலிவிலி. எளியவர்களும் ஏறிய ‘அலையா’ அதைவிடக் குட்டை, மிக மெல்லியது. கோவா மரத்திலோ ஈரப்பலா மரத்திலோ செதுக்கப்பட்டது. விலிவிலி நமக்கு முற்றிலும் அந்நியமான மரம் அல்ல. வேலியோரத்தில் நிற்கும் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு அது. இரண்டும் ஒரே பேரினம், இரண்டின் கட்டையும் இலேசானது. தடித்த ஓலோவுக்கு இலேசான மரம், மெல்லிய அலையாவுக்குக் கடினமான மரம் என்ற பொருத்தத்தில் பொருளறிவு முழுதாகத் தெரிகிறது. மெல்லியதாகச் செதுக்கினால் கோவாதான் உடையாமல் நிற்கும்.

இரண்டிலும் அடியில் ஃபின் கிடையாது. மீனின் துடுப்பு போல அடிப்பக்கத்து அமரத்தில் நிற்கும் அந்தச் சிறு தகடு வர இன்னும் நெடுங்காலம் இருந்தது. அலையா வழுக்கிப் பக்கவாட்டில் போகாமல் காத்தது அதன் கூரிய விளிம்பு. அலையின் சரிவில் அந்த விளிம்பு கத்திபோல் இறங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் டாம் வெக்னர் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பவுலோனியா மரத்தில் அலையாக்களைச் செதுக்கி ஓட்டிக் காட்டியபோது, பலர் அதை அருங்காட்சியகப் பொருள் என்று நினைப்பதை விட்டார்கள். அதன் வேகம் அப்படி. ஆனால் துழாவி அலையைப் பிடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும். மிதப்புத் தரும் தடிமன் அதில் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பலகைகள் ரெட்வுட் என்ற கலிஃபோர்னிய மரத்தில் ஆனவை. (பெயரை அப்படியே தமிழாக்கிச் செம்மரம் என்று எழுதிவிடக் கூடாது. நம் செம்மரத்தின் வைரக்கட்டை தண்ணீரில் மூழ்கிவிடும். அதில் செய்த பலகை நேராகக் கடலடிக்குத்தான் போகும்.) கனமான முழுக்கட்டையைக் கரைக்குத் தூக்கி வருவதே பாதி வேலை. ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய பலகைகளைச் சீர்செய்து பார்த்த டாம் பிளேக் வேறு வழி தேடினார். முதலில் முழுக்கட்டையில் வரிசையாகத் துளையிட்டு மூடிப் பார்த்தார். பிறகு விமான இறக்கைபோல உள்ளே விலாக்கட்டைகள் வைத்து, மேலே மரத் தகடு போர்த்தி, உள்ளீடற்ற பலகை செய்தார். 1932இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். எடை வெகுவாகக் குறைந்தது. ஆனால் தட்டையான மரத் தகடு ஒரு திசையில்தான் நன்றாக வளையும். நீளவாக்கில் வளைத்துவிட்டால் குறுக்கே குழிக்க முடியாது. எனவே பெட்டிபோல் தட்டையான அடிப்பக்கமே அந்தப் பலகைகளுக்கு விதிக்கப்பட்டது. நேர்கோட்டில் பறந்தன, திரும்ப மறுத்தன. 1935இல் பிளேக் பழைய வேகப்படகு ஒன்றின் அடித்தகட்டை எடுத்துத் தன் பலகையில் பொருத்தியது இந்தப் பிடிவாதத்துக்கு அவர் கண்ட மருந்து.

அதே காலத்தில் ஹொனலூலு இளைஞர்கள் சிலர் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார்கள். ஜான் கெல்லி, வாலி ஃப்ராய்ஸெத், ஃபிரான் ஹீத். செங்குத்தான அலைகளில் அவர்களுடைய ரெட்வுட் பலகைகளின் அகன்ற அமரம் பிடிப்பின்றி வழுக்கிக்கொண்டே இருந்தது. 1937இல் ஒரு நாள் கோடாரியை எடுத்து அமரத்தை வெட்டிக் குறுக்கினார்கள். அடிப்பக்கத்தைப் படகின் ஏரா போல ‘வி’ வடிவில் இறக்கினார்கள். பலகை அலைக்குள் கால் ஊன்றியது. ‘ஹாட் கர்ல்’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. ஃபின் இல்லாமலே, அடிப்பக்கத்தின் வடிவத்தை மட்டும் வைத்துப் பிடிப்பை உண்டாக்க முடியும் என்று நிறுவிய முதல் நவீன முயற்சி இது. முழுக்கட்டையாக இருந்ததால்தான் முடிந்தது. உள்ளீடற்ற பலகையில் கோடாரியை வைத்திருந்தால் ஓட்டைதான் விழுந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போர் மூன்று பொருள்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது: கண்ணாடி இழைத் துணி, அதை இறுக வைக்கும் பாலியஸ்டர் ரெசின், நுரை பிளாஸ்டிக். பால்சா மரம் முன்பே தெரிந்ததுதான். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சும் மரம். கண்ணாடி இழை என்ற தோல் வந்த பிறகே அச்சமின்றி அதை நம்ப முடிந்தது. இந்த இடத்தில்தான் பாப் சிம்மன்ஸ் வருகிறார். கணக்குத் தெரிந்த, யாரோடும் ஒட்டாத மனிதர். லிண்ட்சே லார்ட் 1946இல் வெளியிட்ட, நீர்மேல் சறுக்கும் படகுகளைப் பற்றிய நூலைப் பலகைக்குப் பொருத்திப் பார்த்தவர். பலகை என்பது மிதக்கும் கட்டை அல்ல, சறுக்கும் தளம் என்பதே அவர் வாதம். அப்படியானால் நீரோட்டத்துக்குக் குறுக்கே அகலம் வேண்டும், அமரப் பக்கம் தட்டையாக இருக்க வேண்டும், நீர் சட்டென்று பிரிந்து விலக விளிம்பு கூராக இருக்க வேண்டும். அவருடைய பலகைகள் அப்படியே இருந்தன, அகன்ற அமரத்தைப் பிடித்து நிறுத்த இரண்டு ஃபின்களோடு.

சிம்மன்ஸுக்குப் பொருள் ஒத்துழைக்கவில்லை. பாலிஸ்டைரீன் நுரையை உள்ளே வைத்தால் எடை குறையும். ஆனால் பாலியஸ்டர் ரெசின் பட்டால் அந்த நுரை கரைந்துபோகும். அதனால் அவர் 1949 வாக்கில் நுரையின் மேலும் கீழும் மரத் தகடு ஒட்டி, விளிம்புகளுக்குப் பால்சா வைத்து, அதற்கு மேல்தான் கண்ணாடி இழையைப் போர்த்தினார். அரை நூற்றாண்டு கழித்துத் தொழிற்சாலைகள் ‘புதுமை’ என்று விற்ற அடுக்குப் பலகையின் தாத்தா இது. 1954இல் கலிஃபோர்னியாவின் விண்டன்ஸீ கடற்கரையில் சிம்மன்ஸ் அலையில் சிக்கி இறந்தார். அவருடைய கருத்துகள் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எடை குறைந்தால் என்ன நடக்கும் என்பதை யாரும் திட்டமிட்டுச் சோதிக்கவில்லை, தற்செயலாகத் தெரியவந்தது. 1947இல் ஜோ குவிக் என்பவர் டாரிலின் ஸனக் என்ற பெண்ணுக்காகச் சிறிய, இலேசான பலகை ஒன்று செய்துகொடுத்தார். பெண் தூக்கிச் செல்ல வசதியாக இருக்கட்டும் என்பதுதான் நோக்கம். மாலிபுக் கடற்கரை ஆண்கள் அதை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள். தங்கள் பாறாங்கல் பலகைகளால் கனவிலும் முடியாத திருப்பங்களை அது செய்தது. இரவல் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கத் தயங்கினார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

இந்த எடை விஷயத்தில் ஒரு குழப்பம் இன்றும் நீடிக்கிறது. பலகையில் அரைக் கிலோ குறைத்தால் வேகம் கூடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஆளையும் சேர்த்து 73 கிலோ நகரும்போது அரைக் கிலோ என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நேர்கோட்டு வேகத்தில் அது தெரிய வாய்ப்பே இல்லை. திருப்பம் வேறு கணக்கு. திருப்பும்போது பலகை கால்களைச் சுற்றிச் சுழல்கிறது. அணியத்தின் நுனியில் இருக்கும் நூறு கிராம், காலடியில் இருக்கும் நூறு கிராமைவிடப் பல மடங்கு தடுக்கும். தராசில் ஒரே எடை காட்டும் இரண்டு பலகைகள் காலுக்கு வெவ்வேறாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். எடை எவ்வளவு என்பதோடு எடை எங்கே என்றும் கேட்க வேண்டும்.

1958இல் ஹோபி ஆல்ட்டரும் கார்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் நுரையைப் பலகைக்குப் பழக்கினார்கள். பாலியஸ்டர் ரெசினால் இது கரையவில்லை. பால்சா கன மீட்டருக்கு 160 கிலோ அளவில் என்றால் இந்த நுரை அதில் மூன்றிலொரு பங்குக்கும் கீழே. இதைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று. பால்சாப் பலகையில் அணியத்தை எவ்வளவு மேலே வளைக்கலாம் என்பதைக் கட்டையின் தடிமன் முடிவுசெய்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் துண்டு ஒட்ட வேண்டும். நுரையை அச்சில் ஊற்றினால் வளைவு அச்சிலேயே வந்துவிடுகிறது. பக்கவாட்டில் பார்த்தால் தொட்டிலின் கால் போலத் தெரியும் இந்த நீளவாக்கு வளைவைத்தான் ‘ராக்கர்’ என்கிறார்கள். 1961இல் கிளார்க் தனியாகத் தொடங்கிய நிறுவனம் விதவிதமான ராக்கரில் நுரைக்கட்டைகளை வார்த்துக் கொடுத்தது. அவரிடம் எந்த அச்சு இருந்ததோ, அதற்குள்தான் அமெரிக்காவின் பலகை செதுக்குநர்கள் பெரும்பாலானோரின் கற்பனை ஓடியது.

ஹோபி ஆல்ட்டர் பிறகு பலகையோடு நிற்காமல் இரட்டை ஓடு கொண்ட பாய்மரப் படகுகளையும் செய்து புகழ்பெற்றார். ‘ஹோபி கேட்’ என்பது அவற்றின் பெயர். அந்தக் ‘கேட்’ பூனை அல்ல. கேட்டமரனின் சுருக்கம், அதாவது நம் கட்டுமரம். ஹாட் கர்ல் கூட்டத்தில் இருந்த உடி பிரவுனும் 1947இல் ஹவாயில் இப்படி ஒரு படகைக் கட்டியவர். அலைப்பலகைக்காரர்கள் கட்டுமரத்தின் பெயரைச் சுமந்த படகுகளுக்கே போய்ச் சேர்ந்ததைப் படிக்கும்போது ஒரு சின்னப் பெருமை வரத்தான் செய்கிறது. கட்டுமரத்துக்கு ஒற்றைக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தவர்கள் எந்த நூலும் படித்ததில்லை.

நுரை வந்ததும் பலகை குட்டையாகியிருக்க வேண்டும். ஆனால் ஒன்பது பத்து அடிப் பலகைகள் இன்னும் பத்தாண்டு நீடித்தன. அந்த வழக்கத்தை உடைத்தவர்கள் ஆஸ்திரேலியாவில் கூடினார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து அங்கே போய்வந்த ஜார்ஜ் கிரீனோ மண்டியிட்டு ஓட்டும் ஒரு விசித்திரப் பலகையை வைத்திருந்தார். கரண்டிபோல் குழிந்தது, நடுவில் நுரையே கிடையாது, வெறும் கண்ணாடி இழைத் தகடு. திருப்பத்தில் அழுத்தும்போது அமரம் வளையும், விட்டதும் நிமிரும். அதாவது அடிப்பக்கத்தின் ராக்கர் ஓட்டத்தின் நடுவிலேயே மாறிக்கொண்டிருந்தது. பொருளும் வடிவமும் ஒரே கேள்வி என்ற என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கிரீனோவின் ஃபின்னும் மீனின் துடுப்பைப் பார்த்து மெலிந்து, வளைந்து, நெகிழ்ந்திருந்தது. அந்த வழியில் வந்த ஃபின் பொருத்திய மெல்லிய பலகையோடு நாட் யங் 1966இல் சான் டியாகோவில் உலகப் பட்டம் வென்றார்.

அடுத்த ஆண்டு பாப் மெக்டாவிஷ் குட்டையான, அமரம் அகன்ற, அங்கே ஆழமான ‘வி’ வைத்த பலகைகளோடு ஹவாய்க்குப் போனார். மாவி தீவின் ஹொனலுவா விரிகுடாவில், நீளமாகச் சீராக உடையும் அலையில், அவை அற்புதமாகத் திரும்பின. ஓவாஹு தீவின் சன்செட் கடற்கரையில், பெரிய கனத்த அலையில், அதே பலகைகள் பிடியிழந்து சுழன்றன. வெற்றியிலும் தோல்வியிலும் பலகை ஒன்றுதான். ‘வி’ நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே பொருளில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது.

இனி வடிவங்களுக்கு வருவோம். தட்டையான அடி நீரைக் கீழே தள்ளுவதில் கெட்டிக்காரன். அலை சிறிதாக இருந்தாலும் விரைவில் சறுக்கத் தொடங்கும். வேகமும் நீரின் கொந்தளிப்பும் கூடும்போது தடதடக்கும். நடுவில் உப்பிய அடி மெதுவானது. நீர் உப்பலோடு ஒட்டிக்கொண்டு வளைந்து போவதால் பலகை அலைக்குள் அமர்ந்து ஓடும். பழைய நெடும்பலகைகளின் மெத்தென்ற நடை இதனால் வந்தது. ‘வி’யில் நீர் இருபுறமும் வழிந்துவிடுவதால் தூக்குவிசை குறையும். படகுப் பொறியாளர்களின் சூத்திரங்களும் இதையே சொல்கின்றன. அதற்குக் கைம்மாறாக, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்ப்பது எளிதாகும்.

இன்று பெரும்பாலான குறும்பலகைகளில் இருப்பது குழிவு. ஆழம் மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர். பலகையைக் கவிழ்த்து அளவுகோலைக் குறுக்கே வைத்தால்தான் கண்ணுக்குப் படும். இது ஏன் வேகம் தருகிறது என்பதற்குக் கடற்கரையில் நீங்கள் கேட்கும் விளக்கம்: குறுகிய குழாயில் நீர் வேகமெடுப்பதைப் போலக் குழிவுக்குள் நீர் வேகமெடுக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு ஏற்பில்லை. குழாய் நான்கு புறமும் மூடியது. குழிவோ கீழே முழுக் கடலுக்கும் திறந்தது. நெருக்கினால் நீர் கீழே ஒதுங்கிவிடும். வேகமெடுக்க வேண்டிய கட்டாயம் அதற்கில்லை. நடப்பது இரண்டு. பக்கவாட்டில் வழிந்தோடப் பார்க்கும் நீரைக் குழிவின் சரிவு கீழ்நோக்கித் திருப்புவதால் தூக்குவிசை சற்று மிஞ்சுகிறது. இரண்டாவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்: குழித்தால் நடுக்கோட்டின் ராக்கர் தட்டையாகிறது, விளிம்புகளின் ராக்கர் வளைந்தபடியே இருக்கிறது. நேராக ஓடும்போது தட்டையான நடுவில் ஓடலாம், திரும்பச் சாய்க்கும்போது வளைந்த விளிம்பில் திரும்பலாம். வேகத்துக்குத் தட்டையும் திருப்பத்துக்கு வளைவும் வேண்டும் என்ற பழைய முரணுக்கு ஆறு மில்லிமீட்டரில் கிடைத்த சமரசம்.

‘வி’யை இடம் மாற்றிப் பார்த்தவர் செதுக்குநர் மாரிஸ் கோல். அமரத்தில் இருந்ததை முன்காலடிக்கு நகர்த்தி, அமரத்தைத் தட்டையாக விட்டார். அலைச்சறுக்கு வீரர் டாம் கரன் 1991இல் அந்தப் பலகையை ஹவாயின் பெரிய அலைகளில் ஓட்டியதைப் பார்த்த பிறகு செதுக்குநர்கள் அளவுகோலைத் தேடினார்கள். ஆஸ்திரேலியர்கள் விரும்பும் நீளவாக்கு வாய்க்கால்களும், கலிஃபோர்னியாவின் கேம்பல் சகோதரர்கள் 1970களின் தொடக்கத்தில் இரட்டைக் குழிவோடு செய்த ‘பான்ஸர்’ பலகையும் தனித்தனி ரசிகர் கூட்டத்தோடு இன்றும் வாழ்கின்றன. வாய்க்கால் வெட்டிய அடியின் மேல் கண்ணாடி இழையைக் குமிழியில்லாமல் படியவைப்பது பெரும் தொல்லை என்பதால், பட்டறைக்காரர்கள் அதற்குக் கூடுதல் கூலி கேட்பார்கள். ஒரு வடிவம் பரவுவதும் பரவாததும் சில நேரம் இப்படியும் தீர்மானமாகிறது.

அடிப்பக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஃபின்னைத் தாண்டிப் போக முடியாது. மார்க் ரிச்சர்ட்ஸ் இரட்டை ஃபின்னோடு 1979 முதல் 1982 வரை நான்கு உலகப் பட்டங்கள் வென்றார். பெரிய அலையில் இரட்டை ஃபின் வழுக்குகிறது என்று அலுத்த சைமன் ஆண்டர்சன் 1980இல் மூன்றாவதைச் சேர்த்தார். அடுத்த ஆண்டே பெல்ஸ் போட்டியையும் பைப்லைன் மாஸ்டர்ஸையும் வென்றார். அன்றிலிருந்து குறும்பலகைக்கு மூன்று ஃபின் என்பது எழுதாத சட்டம். ஃபின் பிடிப்பைப் பார்த்துக்கொண்டதால்தான் அடிப்பக்கம் அந்தப் பொறுப்பிலிருந்து விடுபட்டுக் குழிவுக்கு மாற முடிந்தது. ஹாட் கர்ல் காலத்தில் அடிப்பக்கமே ஃபின் வேலையையும் செய்தது.

2005 டிசம்பர் 5 அன்று கிளார்க் தன் தொழிற்சாலையை ஒரே நாளில் மூடினார். சுற்றுச்சூழல் விதிகளையும் வழக்கு அச்சத்தையும் காரணம் காட்டி வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டு, அச்சுகளையும் உடைத்துப்போட்டார். நுரை வார்க்கப் பயன்படும் டிடிஐ நச்சு வேதிப்பொருள். அதில் அவர் சொன்னது மிகையல்ல. அமெரிக்காவின் பெரும்பாலான பட்டறைகள் அவரை நம்பியிருந்தன. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகே, அதுவரை ஓரத்தில் நின்ற பாலிஸ்டைரீன் நுரைக்கும் எப்பாக்சி ரெசினுக்கும் கதவு திறந்தது. எப்பாக்சி பாலிஸ்டைரீனைக் கரைப்பதில்லை. சிம்மன்ஸ் தகடு ஒட்டிச் சமாளித்த சிக்கலுக்கு வேதியியலே விடை சொல்லிவிட்டது.

புதிய சேர்க்கை இலேசு, உறுதி, நல்ல மிதப்பு. சிறிய அலையில் அது வரம். காற்றடித்துக் கொந்தளிக்கும் கடலில், பழைய பாலியூரித்தேன் பலகை உள்வாங்கி அடக்கும் அதிர்வை இது காலுக்கு அனுப்பிவிடுகிறது என்பது பலரின் புகார். அடிபட்டு விரிசல் விழுந்தால் மணிமணியான நுரைக்குள் தண்ணீர் புகுந்துவிடும் என்பது இன்னொன்று. வளைந்து மீளும் தன்மையிலும் வேறுபாடு உண்டு. பழைய பலகையின் நடுவே முதுகெலும்புபோல் ஒரு மரச்சட்டம் ஓடும். ஃபயர்வயர் போன்ற நிறுவனங்கள் அதை எடுத்துவிட்டு இரண்டு விளிம்புகளிலும் பால்சாவை வைத்தன. பலகை வளையும் விதம் மாறியது. கழித்துக்கட்டிய பால்சாவும் திரும்பி வந்தது.

எது மேல் என்று அளந்து சொல்லலாமே என்றால், அங்கேதான் சிக்கல். ஒரு பலகையின் ராக்கர், குழிவு, நுரை, ரெசின், ஃபின் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அடியில் ஓடும் அலை மறுமுறை வருவதில்லை. மேலே நிற்பவர் புதுப் பலகையில் காசு போட்டிருக்கிறார், அது நன்றாக ஓட வேண்டும் என்று விரும்புகிறார். கணினி இயந்திரம் செதுக்கத் தொடங்கியதும் ஒரே அடிப்பக்கத்தை இரண்டு பொருளில் மில்லிமீட்டர் பிசகாமல் செய்ய முடிகிறது. அலைச்சறுக்கு வீரர் கெல்லி ஸ்லேட்டர் 2015இல் கலிஃபோர்னியாவின் லெமூரில் இயந்திர அலையை ஓடவிட்டுக் காட்டியபின், ஒரே அலையை நாள் முழுதும் வரவழைக்கவும் முடிகிறது. ஆனால் கடலில் கொந்தளிப்பு உண்டு, அங்கே இல்லை. குளத்தில் கிடைக்கும் விடை சன்செட்டில் எவ்வளவு செல்லும் என்பது மெக்டாவிஷின் 1967 பயணம் எழுப்பிய கேள்வியேதான்.

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். முதல்நாள் வருகிறவர் கையில் அவர்கள் கொடுப்பது எட்டடிக்கு மேல் நீளமான, மேலே மெத்தென்ற நுரை ஒட்டிய பலகை. உள்ளே பாலிஸ்டைரீன். அடிப்பக்கம் ஏறக்குறைய தட்டை, அமரம் அகலம். இடுப்பளவு அலையில், சீக்கிரம் சறுக்கத் தொடங்கி, எழுந்து நிற்கும்வரை தடுமாறாமல் இருக்க வேண்டிய பலகைக்கு இதுவே சரியான அடி. முதல் வாரம் முடிந்ததும் மாணவர் கேட்கும் கேள்வி, எப்போது குட்டைப் பலகை தருவீர்கள் என்பதுதான். 28 லிட்டர் பலகையில் அவர் நின்றால் மிச்சம் 45 கிலோவைச் சுமக்கும் வேகத்தை அவரால் இன்னும் உண்டாக்க முடியாது.